மட்டக்கோடு சரியாக இருந்தும் கோபுரம் சாய்வது ஏன்?

அல்சூர்வாசி:
பெங்களூரு அல்சூர் சோமேசுவரர் கோயிலின் ராஜகோபுரத்தைப் படம் எடுத்து, பெரிதாக அச்சிட்டு, ஊரிலிருக்கும் அப்பாவின் பூஜை அறைக்கு அனுப்ப விரும்புகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் முயன்றுவிட்டேன். ஐபோனில் கட்டக்கோடுகளையும், ஐஓஎஸ் 17இல் தனியாக வந்த மட்டக்கோட்டையும் (போன் மட்டமாக இருந்தால் மஞ்சளாகும் கோடு) வைத்துக்கொண்டு, கோடு மஞ்சளான பிறகே பொத்தானைத் தொடுகிறேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து பார்த்தால் கோபுரம் மல்லாந்து விழப்போவது போலவும், பக்கத்துக் கட்டடங்கள் அதன்மேல் சரிவது போலவும் இருக்கின்றன. கோளாறு என் கையிலா, கேமராவிலா?

ரசமட்டம்:
இரண்டிலும் இல்லை. நான் கட்டட வேலையில் மேற்பார்வையாளன். எங்கள் வழக்கில் சொன்னால், அந்த மஞ்சள் கோடு ரசமட்டத்தின் (மட்டம் பார்க்கும் குமிழிக் கருவியின்) வேலையை மட்டுமே செய்கிறது. போன் இடவலமாகச் சரிந்தால் காட்டும். முன்பின்னாகச் சாய்ந்தால் காட்டாது. அதற்குத் தூக்குக்குண்டு வேண்டும். கலசத்தையும் படத்துக்குள் கொண்டுவர நீங்கள் போனை அண்ணாந்து பிடித்திருப்பீர்கள். அப்போது போனின் முதுகு கோபுரத்துக்கு இணையாக இல்லாததால், செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போக நெருங்கிவிடும்.

சோதிக்க எளிய வழி உண்டு. போனைக் கண்மட்டத்தில் பிடித்தால், சமதளமான தெருவில் உங்கள் உயரமுள்ளவர்களின் கண்கள், அவர்கள் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும், படத்தின் சரிபாதி உயரத்தில் விழவேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் போன் அண்ணாந்திருக்கிறது என்று பொருள். அப்படி நிமிர்த்திப் பிடித்தும் உச்சி உள்ளே வரவேண்டுமானால், நெடுக்குப் படத்தில் முதன்மை லென்ஸுக்கு, கண்மட்டத்துக்கு மேலுள்ள கோபுர உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பின்னால் போகவேண்டும், 0.5 என்று காட்டும் அகலக்கோண லென்ஸுக்கு முக்கால் மடங்கு போதும். கீழ்ப்பாதியில் தெருவும் ஸ்கூட்டர்களும்தான் வரும், வெட்டிவிடுங்கள். பெரிய அச்சு என்பதால் இடம் கிடைத்தால் முதன்மை லென்ஸே மேல்.

அல்சூர்வாசி:
அவ்வளவு பின்னால் போனால் யாருடைய வீட்டு வரவேற்பறையிலோ நிற்பேன்.

மேல்நிலை:
அப்படியானால் எதிர்ப்புற மாடிக்குப் போங்கள். கோபுரத்தின் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டால் அண்ணாரவே வேண்டாம். தேவையான தூரமும் பாதியாகும்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். கோபுரம் இயல்பாகவே மேலே குறுகுவது. ஆகையால் அதன் ஓரங்களை வைத்துச் செங்குத்தைக் கணிக்காதீர்கள். வாசலின் கல் நிலைக்கால்களைப் பாருங்கள். மையத்தில் நிற்கிறோமா என்பதற்குக் கலசங்களே சாட்சி. பெரும்பாலும் அவை ஒற்றைப்படையில் இருக்கும். நடுக்கலசம் வாசலின் முகப்பிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால், நீங்கள் ஓரடி இடப்பக்கம் விலகினால்கூட அது வாசலின் நடுவை விட்டு இடப்பக்கமாக நகர்ந்து தெரியும். நடுக்கலசமும் வாசலின் நடுவும் ஒரே கோட்டில் வரும்வரை நீங்கள்தான் நகரவேண்டும். போனைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. எனக்கு இதைப் புரிந்துகொள்ள இரண்டு வருடங்கள் ஆயின.

தெருவோரம்:
மாடி கிடைக்காவிட்டால் ஸ்னாப்சீட் என்ற படத்திருத்தச் செயலியில் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் நிமிர்த்தலாம். மேற்பகுதி விரிந்து ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் இருபுறமும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். ஆனால் முழுக்க நிமிர்த்தாதீர்கள் என்பது என் கருத்து: தரையில் நின்று பார்ப்பவருக்குக் கோபுரம் சற்றுக் குறுகித்தான் தெரியும், அதை அடியோடு நீக்கினால் தலை கனத்த பொம்மை போலாகிவிடுகிறது.

ரசமட்டம்:
முழுக்க நிமிர்த்தாதீர்கள் என்பதை ஏற்கமாட்டேன். பக்கத்து வீட்டுச் சுவர் சாய்ந்திருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

அல்சூர்வாசி:
அனைவருக்கும் நன்றி. எதிர்வரிசையில் தையல்கடை வைத்திருக்கும் அக்கா இன்று காலை மொட்டை மாடிக்கு விட்டார். கைப்பிடிச் சுவரின்மேல் போனை நிறுத்தி, நடுக்கலசம் வாசலின் நடுவுக்கு வரும்வரை சுவரோடு நான்கடி நகர்ந்தேன். நிலைக்கால்கள் இரண்டும் நூல் பிடித்தாற்போல் நிற்கின்றன. இப்போது கோபுரத்தின் குறுக்கே கேபிள் வயர் ஒன்று ஓடுகிறது. அது மட்டும் லேசாகத் தொங்குகிறது.