டிராகனைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வெள்ளவத்தை அம்மா:
எட்டு வயது மகளுக்கு இரவில் ஆங்கிலக் கதைகளைத் தமிழில் சொல்லுவேன். பக்கத்துக் கட்டிலில் என் அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்பார். நேற்று கதையில் டிராகன் வந்தது. "அது பாம்போ பிள்ளை, முதலையோ?" என்று அம்மா கேட்க, யாளி என்று சொல்லிவிட்டேன். "யாளி கோயில் தூணிலை நிக்கிறது. அது ஏன் நெருப்புக் கக்குது?" என்றார். சரியான கேள்வி. டிராகன் என்றே விட்டால் மகளுக்கு விளங்கும், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பேருக்கும் படம் விழுகிற சொல் வேண்டும். நீங்கள் எதைப் பாவிக்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனை வாசகர்:
பழைய தமிழ் வேதாகமத்தில் அது வலுசர்ப்பம். வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரம் பாருங்கள்: சிவப்பு நிறம், ஏழு தலை, பத்துக் கொம்பு. புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதுவே அரக்கப் பாம்பு. பிள்ளைக்கு இரண்டாவதுதான் உடனே பிடிபடும். யாளி வேண்டாம் அக்கா, அது சிங்க உடம்புக்காரன்.

மருதானை நூலகர்:
எந்த நாட்டு டிராகன் என்று முதலில் பாருங்கள். சீனத்து டிராகன் மழை தருவது, பெரும்பாலும் இறக்கையே கிடையாது. அதை அரக்கன் என்றால் பாவம். பொன்குவியலில் படுத்துக் கிடப்பது ஐரோப்பியக் கதைகளில். பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் ஒரேயொரு கோப்பை களவு போனதற்காக ஊரையே எரிக்கிறது. 1937இல் வந்த டோல்கீனின் ஹாபிட் நாவலிலும் கோப்பைதான் களவு போகிறது! ரிக் வேதத்து விருத்திரன் தண்ணீரை அடைத்து வைத்திருந்த பாம்பு. இந்திரன் கொன்ற பிறகுதான் ஆறுகள் ஓடின.

முடிந்தால் மகளைக் களனி விகாரைக்குக் கூட்டிப்போய், வாசலுக்கு மேலே மகர தோரணத்தை, அதாவது மகரம் என்ற கற்பனை விலங்கின் உருவம் உள்ள வளைவைக் காட்டுங்கள்.

வெள்ளவத்தை அம்மா:
ஞாயிறு மூவரும் போய்வந்தோம். முதலை வாய், அதற்கு மேலே சுருண்ட யானைத் துதிக்கை. மகள் அண்ணாந்து நின்று பல்லை எண்ணினாள். அம்மா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்துவிட்டு, "பெருமாளின்ரை மகரக்குழை இதுதானே" என்றார். எனக்கு அது தோன்றவேயில்லை.

எங்கள் கதையில் பொன்னைக் காப்பது இப்போது அரக்கப் பாம்பு. மகள் வரைந்த படத்தில் அதற்கு இறக்கையும் இருக்கிறது, துதிக்கையும் இருக்கிறது.