இணையதளம் திறக்கவில்லை: தடையா, பழைய கணினியின் கோளாறா?

பாம்பன் படிப்பகம்:

பாம்பனில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறு படிப்பகத்தில் பென்டியம் 4 கணினி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி, 512 எம்பி ரேம், மேசையின் பாதியை அடைத்துக்கொள்ளும் பழைய மானிட்டர். அதைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணம், இங்கிருந்து சில ஆண்டுகள் வெளிவந்து நின்றுபோன மீனவர் செய்திமடலின் கோப்புகள் அதில் மட்டுமே இருப்பதுதான். படகுகள் பிடிபட்டது, துப்பாக்கிச் சூடு, கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் போய்வந்தவர்களின் குறிப்புகள் என எல்லாமே முரசு அஞ்சல் மென்பொருளில், டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. படிப்பகத்துக்கு வருபவர்கள் அதே கணினியில் இணையத்தையும் பார்ப்பதுண்டு.

சில வாரங்களாக மூன்று தளங்கள் அதில் திறப்பதில்லை. ஒன்று ஈழத்துச் செய்திகளைத் தருவது, மற்றொன்று மீனவர் சிக்கல்களைப் பற்றி அரசைக் கடுமையாக விமர்சித்து எழுதுவது, மூன்றாவது காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் காட்டும் தளம். என் கைப்பேசியில் பின்னிரண்டும் திறக்கின்றன. ஈழத்துத் தளம் மட்டும் எதிலும் திறக்கவில்லை. இளைஞர்கள் "எல்லாவற்றையும் முடக்கிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெரியவர்கள் "பெட்டி பழசு, வேறென்ன" என்கிறார்கள். இரண்டையும் பிரித்தறிய எங்களைப் போன்றவர்களுக்கு வழி இருக்கிறதா? இந்தக் கணினியை இனி எப்படி வைத்துக்கொள்வது?

உச்சிப்புளி ஹார்டுவேர்:

அண்ணன், முதலில் திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். பென்டியம் 4 காலத்து மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. கணினி தான் 2003-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று முடிவு செய்து தளத்தைத் திறக்க மறுத்துவிடும்.

தேதி சரியாக இருந்தாலும் எக்ஸ்பிக்கு வேறு நோய்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதில் ஓடிய கடைசிக் குரோம் 49-ஆம் பதிப்பு. அது சான்றிதழ்களைச் சரிபார்க்க விண்டோஸின் பழைய பட்டியலையே நம்பியிருந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழைப் பயன்படுத்தும் தளங்கள் ஏராளம். அந்தச் சான்றிதழுக்குப் பழைய கணினிகளில் துணைநின்ற மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதற்குப் பிறகு பல தளங்கள் பழைய கணினிகளில் திறக்காமல் போனதற்கும் அரசியலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. உங்கள் காற்றுத் தளத்தை முடக்கி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

பிரித்தறியும் வழி இதுதான். திறக்காத தளத்தை அதே வைஃபையில் ஒரு புதிய கைப்பேசியில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் குற்றம் பழைய கணினியுடையது. அங்கும் திறக்கவில்லை என்றால் வைஃபையை அணைத்துவிட்டு, வேறு நிறுவனத்தின் சிம்மில் பாருங்கள். அதில் திறந்தால், முதல் நிறுவனம் தடுக்கிறது அல்லது அதன் வலையமைப்பில் ஏதோ பழுது என்று பொருள். நம் நாட்டில் ஒரு தளத்தை எல்லா நிறுவனங்களும் ஒரே விதமாகத் தடுப்பதில்லை. ஒரு நிறுவனம், தளத்தின் பெயருக்கான எண் முகவரியைக் கணினி கேட்கும்போதே பொய்யான பதில் தரும். இன்னொன்று, இணைப்பின் தொடக்கத்தில் மறைக்கப்படாமல் செல்லும் தளத்தின் பெயரைப் படித்துவிட்டு இணைப்பை அறுத்துவிடும். எக்ஸ்பியில் உள்ள இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அந்தப் பெயரை அனுப்பவே அனுப்பாது. ஆகவே அந்த வகைத் தணிக்கையாளர் கண்ணில் அது படாது. ஆனால் பெயரைக் கேட்காமல் இன்றைய தளங்கள் பலவும் சரியான சான்றிதழைத் தருவதில்லை என்பதால் தப்பித்தும் பயனில்லை!

பிழைச் செய்தியையும் எழுதி வையுங்கள். தேதி, சான்றிதழ், நெறிமுறை என்று வந்தால் அது பெரும்பாலும் கணினியின் வயது. மற்றத் தளங்களெல்லாம் திறக்கும்போது ஒன்று மட்டும் ஒவ்வொரு முறையும் "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று நின்றால் சந்தேகப்படலாம்.

கீழக்கரை வாசகர்:

உச்சிப்புளித் தம்பி சொன்ன சோதனை சரியானது. ஆனால் அந்தச் சோதனையை ஒரு படிப்பகத்தார் செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. சட்டப்படி முடக்கப்பட்ட தளமாக இருந்தால் "இன்ன உத்தரவின்படி முடக்கப்பட்டது" என்று திரையில் ஒரு வரி வர வேண்டும். அதற்கென்றே 451 என்ற பிழை எண்ணை இணையத் தரநிலைகளை வகுப்பவர்கள் ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. இங்கே அப்படி ஒரு வரி வருவது அபூர்வம்.

இணையத்தில் எழுதியதற்காகக் கைதுசெய்ய வழிவகுத்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே தீர்ப்பு, தளங்களை முடக்க அதிகாரம் தரும் 69ஏ பிரிவை, அதில் போதிய பாதுகாப்புகள் இருப்பதாகச் சொல்லி நிலைக்கவைத்தது என்பதை யாரும் பேசுவதில்லை. அந்தப் பிரிவின் கீழ் வந்த 2009-ஆம் ஆண்டு விதிகளில் 16-ஆம் விதி, புகார்களையும் நடவடிக்கைகளையும் கண்டிப்பாக இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. உத்தரவு எங்கே என்று கேட்டால் இரகசியம் என்பார்கள். இரகசியமாக இருப்பதால் அதை எதிர்த்து வழக்குப் போடுவதும் கடினம்.

கணினி சம்பந்தப்பட்ட உதாரணமே சொல்கிறேன். பழைய கணினி வைத்திருக்கும் எல்லோரும் பயன்படுத்தும் விஎல்சி பிளேயரின் தளம் 2022-இல் மாதக்கணக்கில் இந்தியாவில் திறக்கவில்லை. அதை உருவாக்கிய விடியோலேன் அமைப்பு அக்டோபரில் சட்ட அறிவிப்பு அனுப்பிய பிறகு நவம்பரில்தான் தடை நீங்கியது. அதற்கு முன் 2017 ஆகஸ்டில், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் முடங்கியது. திருட்டுப் படங்களைத் தடுக்க இரண்டு திரைப்பட நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவுகளின் பட்டியலில் ஆயிரக்கணக்கான முகவரிகளோடு அதுவும் சேர்ந்திருந்தது. இவற்றில் அரசியல் கருத்து எதுவும் இல்லை, ஆனாலும் திறக்கவில்லை.

அரசியலுக்கும் வருகிறேன். 1987-இல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழக சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. 2025 பிப்ரவரியில், பிரதமரைக் கைவிலங்கோடு காட்டிய ஒரு கேலிச்சித்திரம் வெளிவந்த பின், அதே நிறுவனத்தின் இணையதளம் முறையான அறிவிப்பு எதுவும் வருமுன்பே பல வாசகர்களுக்குத் திறக்காமல் போயிற்று. மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தடையை விலக்க வேண்டும் என்றது. முதல் நிகழ்வில் தண்டித்தது யார், எதற்கு என்று ஊருக்கே தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஆசிரியர் ஓரிரு நாளில் விடுதலையானார். இரண்டாவதில், அன்று வீட்டில் உட்கார்ந்திருந்த வாசகர் தம் இணைப்பில்தான் கோளாறு என்று மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டிருப்பார். எனக்குப் பிந்தியதுதான் அதிகம் கவலை தருகிறது.

சாயல்குடிக்காரன்:

கீழக்கரைக் காக்கா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் எல்லாத் தடையும் தவறு என்ற தொனியை ஏற்க முடியவில்லை. 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் பரவிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அந்தச் செய்தியை யாராவது ஒரு நாள் தடுத்திருந்தால் நான் கருத்துரிமை பேசியிருக்க மாட்டேன்.

அதே மாதம்தான் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடும் நடந்தது. 13 பேர் இறந்தார்கள். மே 23 முதல் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு இணையம் இருந்தது, வேம்பாரில் இருக்கும் உறவினர்களுக்கு இல்லை. பிழைத்திருக்கிறார்களா என்று கேட்கக்கூடச் சாதாரண அழைப்பையே நம்ப வேண்டியிருந்தது. ஆகவே என் கணக்கு இது: ஒரு குறிப்பிட்ட பொய்யைப் பெயர் சொல்லித் தடுப்பது வேறு, மூன்று மாவட்டங்களின் வாயை மொத்தமாகக் கட்டுவது வேறு. முன்னதை அரசு செய்யலாம், காரணத்தை எழுதி வெளியிட வேண்டும். இணைய நிறுத்த உத்தரவுகளை வெளியிட்டாக வேண்டும் என்று காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொல்லியும்விட்டது.

தங்கச்சிமடம் பெரியவர்:

இளையவர்கள் கணினியைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்குத் தெரிந்தது வானொலி. நெருக்கடிநிலைக் காலத்தில் இந்தக் கரையில் இலங்கை வானொலி நம் நிலையத்தைவிடத் தெளிவாகக் கேட்கும். பாட்டுக்காக வைத்த பெட்டியில் செய்தியும் கேட்டோம். 1976 ஜனவரி 31-இல் கலைஞரின் ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு இங்கே தணிக்கை கடுமையாயிற்று. மிசா சட்டத்தில் பிடிபட்டவர்கள் யார் என்று எழுதக்கூடாது என்றபோது, பிப்ரவரி 3 அன்று அண்ணா நினைவிடத்துக்கு வர இயலாதவர்கள் என்று பெயர்ப்பட்டியல் போட்டது முரசொலி. படித்தவர்களுக்குப் புரிந்தது.

ஆனால் நம் கரையின் வயிற்றில் அடித்தது அதற்கு அடுத்த மாதம். 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு போனாலும், அங்கே போய் ஓய்வெடுக்கவும் வலை உலர்த்தவும் நமக்கு உரிமை இருக்கிறது என்றே பேசினார்கள். 1976 மார்ச் 23-இல் இரு நாடுகளும் எழுதிக்கொண்ட கடிதங்களில்தான், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடற்பரப்பில் மீன்பிடிக்கக்கூடாது என்று வந்தது. அன்று சட்டமன்றம் இல்லை, தலைவர்கள் சிறையில், பத்திரிகைகள் தணிக்கையில். கேள்வி கேட்கும் இடம் ஒன்றுகூடத் திறந்திராத நேரத்தில் அது நடந்தது. இன்று விசைப்படகு பிடிபடும்போதெல்லாம் எந்தக் கட்சி விட்டுக்கொடுத்தது என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறோம். அதைப் பேசவிடாமல் இருந்த அந்த மாதங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தம்பி, உங்கள் செய்திமடலில் இந்த விவரங்கள் வந்திருக்கின்றன, நான் படித்திருக்கிறேன். அந்தக் கணினியை எறிந்துவிடாதீர்கள்.

பாம்பன் படிப்பகம்:

எல்லோருக்கும் நன்றி. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்ததும் காற்றுத் தளம் திறந்துவிட்டது. மீனவர் தளம் கணினியில் இன்னும் சான்றிதழ்ப் பிழையே காட்டுகிறது. கைப்பேசியில் வழக்கம்போலத் திறக்கிறது. ஈழத்துத் தளம் படிப்பகத்தின் வைஃபையில் புதிய கைப்பேசியிலும் வரவில்லை, ஆனால் வேறு நிறுவனத்தின் சிம்மில் உடனே வந்துவிட்டது. அதைத் தடுக்கும் உத்தரவு எங்கும் வெளியானதாகத் தெரியவில்லை. இணைப்பு தரும் நிறுவனத்திடம் கேட்டால் "எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை, மோடத்தை அணைத்துப் போடுங்கள்" என்கிறார்கள். எழுத்தில் கேட்டு வைத்திருக்கிறேன்.

இனி கேள்வி கோப்புகளைப் பற்றியது. நேற்றுக் கணினி இருமுறை பீப் ஒலியோடு நின்றுவிட்டது.

உச்சிப்புளி ஹார்டுவேர்:

பீப் பெரும்பாலும் ரேம். உப்புக்காற்றில் அதன் பொன்னிறப் பற்கள் கறுத்துப்போகும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். போர்டில் உருளையான கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பியிருந்தால் அந்தக் கணினிக்கு அதிக நாளில்லை.

எப்படியானாலும் இனி அதை இணையத்தில் இணைக்க வேண்டாம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ என்ற பழைய வகை இணைப்பை யுஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் வாங்கி வேறு கணினியில் முழுவதையும் அப்படியே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். டிஸ்கியிலிருந்து இன்றைய கணினிகள் பயன்படுத்தும் யுனிகோடுக்கு மாற்றும் வேலையை அந்தப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். டிஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் பதிவாகும், யுனிகோடில் எழுத்துக்குப் பின்னால் பதிவாகும். ஆகையால் என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் மாற்றிய பிறகு "கொ", "கோ" வரும் சொற்களையும் ஊர்ப்பெயர்களையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். மூலக் கோப்புகளை அழிக்க வேண்டாம்.

இணையம் பார்க்க, 2011-க்குப் பிறகு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப் ஏதாவது ஒரு வீட்டில் பரணில் கிடக்கும். மூடியில் இருக்கும் அன்றைய முதல்வரின் படத்தைப் பார்த்து யாராவது கட்சி பேசினால் அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். அதில் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டால் இன்றைய ஃபயர்ஃபாக்ஸ் ஓடும். யாரிடமும் அடாப்டர் கிடைக்கவில்லை என்றால் டிஸ்க்கைத் துணியில் சுற்றி என் கடைக்குக் கொண்டுவாருங்கள். எதிரிலேயே பிரதி எடுத்துத் தருகிறேன். டிஸ்க் ஓடும்போது கடகடவென்று சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தால் அதற்குமுன் ஒருமுறைகூட அதை இயக்கிப் பார்க்காதீர்கள்.