காலையில் நீலப்புகை, ஆயிலும் குறைகிறது: ரிங்கா, வால்வு சீலா?

கேள்வி:
150 சிசி ஏர் கூல்டு பைக், கார்புரேட்டர், 62,000 கி.மீ. ஓடியது. காலை முதல் ஸ்டார்ட்டில் பத்து வினாடி நீலப்புகை, பிறகு நின்றுவிடும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து முறுக்கினால் குப்பென்று புகை. 1,000 கி.மீ.க்கு 200 மி.லி. ஆயில் குறைகிறது. வெளியே கசிவில்லை, பிக்கப்பும் குறையவில்லை. பிஸ்டன், அதைச் சுற்றிய ரிங் மாற்றி போர் போடணும் (சிலிண்டரைக் கடையணும்) என்கிறார் மெக்கானிக். அவசியமா? இப்படியே ஓட்டினால் என்ன ஆகும்?

பதில் 1:
இப்போதைக்கு பிளாக்கை (சிலிண்டரை) கழற்ற விடாதீர்கள். இரண்டு அறிகுறியும் வால்வு ஸ்டெம் சீல் (வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர்) பக்கம்தான் கை காட்டுகின்றன. இரவு முழுக்க நிற்கும்போது ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடியில்) தங்கிய ஆயில், வால்வுத் தண்டு ஏறி இறங்கும் கைடு வழியாகச் சொட்டு சொட்டாக இறங்கி, காலையில் எரிகிறது. ஆக்ஸிலேட்டர் மூடியிருந்தால் இன்டேக்கில் வெற்றிடம் கூடும். அது தேய்ந்த சீலைத் தாண்டி ஆயிலை இழுக்கும். ரிங் போனால் ஏற்றத்தில், லோடில் விடாமல் புகையும். இன்ஜின் காற்றை வெளியே விடும் பிரீதர் ட்யூப் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் ஆயில் வந்து சேரும்.

முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கணும். பிளக்கைக் கழற்றி, கேஜைப் பொருத்தி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து, முள் ஏறுவது நிற்கும்வரை கிக் அடியுங்கள். பிறகு பிளக் துளையில் 5 மி.லி. ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது.

பதில் 2:
அந்த கம்ப்ரஷன் சோதனையில் ஒரு குறை இருக்கிறது. மேலே உள்ள இரண்டு கம்ப்ரஷன் ரிங்கும் நன்றாக இருந்து, கீழே ஆயில் ரிங் மட்டும் கார்பனில் இறுகிப்போனால் கேஜ் காட்டிக் கொடுக்காது. இறக்கத்துப் புகை அதனாலும் வரும். அதனால் ஹெட்டைத் தூக்கியதும் இரண்டு இடம் பாருங்கள். இன்டேக் வால்வின் முதுகில் தார்போலக் கருப்பு அப்பியிருந்தால் சீல் அல்லது கைடு. பிஸ்டன் தலையின் ஓரம் மட்டும் கழுவியதுபோல் சுத்தமாக, ஈரமாக இருந்தால் ஆயில் கீழிருந்து வருகிறது.

சீல் மட்டும் மாற்றினால் போதாது. வால்வைச் சற்றுத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். கைடில் ஆட்டம் இருந்தால் புது சீலும் சீக்கிரம் கிழியும். வால்வை நுழைக்கும் முன் தண்டில் ஆயில் தடவுங்கள், இல்லாவிட்டால் தண்டிலுள்ள காட்டர் (ஸ்பிரிங்கைப் பிடிக்கும் பூட்டு) பள்ளத்தின் விளிம்பு சீலின் உதட்டை அறுத்துவிடும்.

பதில் 3:
இப்படியே ஓட்டினால்: ஆயிலுக்கு ஆக்டேன் (தானாகப் பற்றாமல் தாங்கும் திறன்) மிகக் குறைவு. பெட்ரோலோடு கலந்து எரியும்போது கலவை தானாகப் பற்றும், இன்ஜின் தட்டும். எரியாத மிச்சம் பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கார்பனாகப் படிந்து இடத்தைக் குறைக்க, கம்ப்ரஷன் விகிதம் ஏறும். அந்தக் கார்பன் தணல்போலக் கனிந்து, ஸ்பார்க்குக்கு முன்பே தீயைக் கொளுத்திவிடும். பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழுவது இப்படித்தான். பிளக் முனையில் ஆயில் படிந்து மிஸ்ஃபயர் ஆவது அதற்கெல்லாம் முன்பே வரும். சைலன்சரில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) இருந்தால், ஆயிலிலுள்ள பாஸ்பரஸ் அதன்மேல் பூச்சாகப் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும், அது திரும்பாது.

கேட்டவர்:
வேலை பார்க்கும்வரை கெட்டியான ஆயில் ஊற்றலாமா?

பதில் 2:
புகை கொஞ்சம் குறையும், தேய்மானம் குறையாது. மேனுவலில் சொன்ன கிரேடையே ஊற்றுங்கள், கிளட்ச் ஆயிலில் ஊறுவதால் ஜாசோ எம்ஏ2 (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரம்) பாருங்கள். 500 கி.மீ.க்கு ஒருமுறை அளவு பார்த்து நிரப்புங்கள். ஆயில் அளவு காட்டும் மேல் கோட்டைத் தாண்டினால் அதுவே பிரீதர் வழியாக உள்ளே போய்ப் புகையும்.