ஹில் ஷேடிங்: தமிழில் என்ன சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். நிலவரைபடப் பாடம் ஒன்று வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். காண்டூருக்குச் சமஉயரக்கோடு இருக்கிறது. ஹில் ஷேடிங்குக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. வடமேற்கிலிருந்து ஒளி விழுவதாக வைத்துக்கொண்டு, அந்தப் பக்கச் சரிவை வெளிறவும் எதிர்ச்சரிவைக் கறுக்கவும் தீட்டும் முறை. "மலைநிழல்" என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

பள்ளி ஆசிரியை:
வேண்டவே வேண்டாம். அதே புத்தகத்தில், மலை மறைப்பதால் மழை குறையும் பகுதிக்கு "மழைநிழல்" என்று வருகிறது. என் வகுப்பில் பாதிப் பேருக்கு இரண்டும் ஒரே உச்சரிப்பு. கோயம்புத்தூரில் மழை குறைவதற்கு வரைபடம் தீட்டியவரைக் குற்றம் சொல்லி விடை எழுதுவார்கள்.

ஓய்வுபெற்ற நில அளவையாளர்:
நிழல் என்பதே தவறு. தொட்டபெட்டாவின் நிழல் பக்கத்துப் பள்ளத்தாக்கில் விழுவதை இங்கே யாரும் வரைவதில்லை. ஒவ்வொரு சரிவும் ஒளியை எவ்வளவு நேராக எதிர்கொள்கிறது என்பதுதான் கணக்கு. "சரிவொளி" எனலாம். 1799இல் சாக்சனிப் படை அதிகாரி லேமன் வகுத்த, சரிவு இறங்கும் திசையில் குறுங்கோடுகள் இழுக்கும் கீற்று முறையில் ஒளி தலைக்கு நேர்மேலே நிற்கும். சரிவு செங்குத்தாக ஆகக் கீற்று தடிக்கும். சுவிட்சர்லாந்தின் டுஃபூர் வரைபடத்திலும் (1845–1865) கீற்றுகள்தான், ஆனால் ஒளி வடமேற்கிலிருந்து சாய்ந்து வருகிறது. அந்த நாட்டில் நண்பகல் வெயில் தெற்கிலிருந்து விழும். அப்படியே வரைந்தால் முகடெல்லாம் பள்ளமாகத் தெரியும். வெளிச்சம் மேலிருந்து வந்துதான் கண்ணுக்குப் பழக்கம், தாளின் மேற்பக்கமோ வடக்கு.

தமிழ்ப் புலவர்:
"வரை" இருக்க ஏன் அலைகிறீர்கள்? மலையும் வரை, கோடும் வரை, தீட்டுவதும் வரைதல். "வரைநிழல்" என்பதை வரையினது நிழல் என விரித்தால் ஆறாம் வேற்றுமைத்தொகை; வரைந்த, வரைகின்ற, வரையும் நிழல் என்றால் வினைத்தொகை! குறிஞ்சித் தலைவன் தலைவியை மணப்பதும் "வரைவு" ஆனது எப்படி என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

பள்ளி ஆசிரியை:
ஐயா, என் மாணவர்களுக்கு வரை என்றால் "பத்து மணி வரை". அவ்வளவுதான்.

தமிழ்ப் புலவர்:
தெரியாததைச் சொல்லித்தரத்தானே அம்மா பள்ளிக்கூடம்? உங்கள் சமஉயரக்கோட்டில் இருக்கும் "கோடு" கூட மலையுச்சிதான். திருச்செங்கோட்டுக்காரர்களைக் கேளுங்கள்.

மென்பொருள் தமிழாக்குநர்:
வரைபட மென்பொருளின் பட்டியலில் "சரிவொளி" என்று போட்டால் யாரும் அதைத் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஓவிய வகுப்பில் பென்சிலால் கருமை ஏற்றுவதை "நிழலிடல்" என்கிறார்கள். "சரிவு நிழலிடல்" போதாதா?

மொழிபெயர்ப்பாளர்:
பெரும்பாலோர் இதற்கே தலையாட்டியதால் "சரிவு நிழலிடல்" என்று அனுப்பிவிட்டேன். இனி மாற்ற நேரமில்லை.

ஓய்வுபெற்ற நில அளவையாளர்:
நிழலிடலிலும் நிழல் இருக்கிறது. என் மறுப்பு பதிவாகட்டும். பக்கம் கோப்பவர் நீலகிரிப் படத்தைத் தலைகீழாக வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2,637 மீட்டர் தொட்டபெட்டா குழியாகிவிடும்.

தமிழ்ப் புலவர்:
வரைவு பற்றிய மடல் நீண்டுவிட்டது. இரண்டு பகுதிகளாக அனுப்புகிறேன்.