ரப்பர் தோட்டம் காடா? ஒரு பி.எட். பாடக்குறிப்பால் எழுந்த வழக்கு

வேம்பனூரான்:
இரண்டு நாட்களுக்கு முன் ஒரு பயிற்சி ஆசிரியை, நீடித்த வளர்ச்சி குறித்து ஒன்பதாம் வகுப்புக்குத் தாம் எழுதிய பாடக்குறிப்பை இங்கே பெருமையுடன் பகிர்ந்திருந்தார். 'நமது கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்கள் நீடித்த வளர்ச்சிக்கு நல்ல எடுத்துக்காட்டு' என்ற வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ஒரே மரத்தை வரிசையாக நட்டுவிட்டு, அதைக் காடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போகிறார்களா?

குலசேகரத்துக்காரன்:
அந்தப் பாடக்குறிப்பில் காடு என்ற சொல்லே இல்லை, அண்ணாச்சி. கன்று நட்டு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் காத்திருந்து, பிறகு இருபது ஆண்டுகளாவது பால்வெட்டி, மரம் ஓய்ந்ததும் தடியை விற்று, அதே மண்ணில் மறுநடவு செய்கிறோம். இதில் எது நீடிக்கவில்லை? நான் படித்ததும் என் தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் அந்தப் பாலில்தான்.

வேம்பனூரான்:
உங்கள் தங்கையின் திருமணத்தை நான் குறை சொல்லவில்லை. ரப்பர் தோட்டம் காடு அல்ல என்றுதான் சொல்கிறேன். சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் உத்தரவிட்டபோதே நான் வகுப்பறையில் நின்றவன்.

பாடக்குறிப்பு எழுதியவள்:
ஐயா, அந்த வரியை எழுதியவள் நான்தான். வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்கு ஊறு நேராமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்வதே நீடித்த வளர்ச்சி என்று ஐ.நா. ஆணையம் ஒன்று 1987இல் வெளியிட்ட பிரண்ட்லாண்ட் அறிக்கை கூறுகிறது. எங்கள் பயிற்சி வகுப்பிலோ அது மரக்கன்று நடுவதோடும் நெகிழிப்பையை ஒழிப்பதோடும் முடிந்துவிட்டது. இதற்கான அறிவையும் திறனையும் கற்போர் அனைவரும் 2030க்குள் பெற வேண்டும் என்னும் ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 4.7ஆம் இலக்கை நானாகத் தேடித்தான் படித்தேன். மழை பெய்து வெட்டு நின்றால் கூலியும் நின்றுபோகும் தொழிலாளியைப் பற்றியும் மாணவர்கள் பேச வேண்டும் என்றே ரப்பரை எடுத்துக்கொண்டேன். என் வழிகாட்டி ஆசிரியரோ தலைப்புகளுக்கு அடிக்கோடு இல்லை என்று மட்டும் சொல்லிக் கையொப்பமிட்டார்.

வேம்பனூரான்:
வரையறை இருக்கட்டும், அம்மா. அடிக்கோடு கேட்பதும் ஒழுங்கைக் கற்பிக்கத்தான், நானும் கேட்டிருக்கிறேன். சுசீந்திரம் தேரூர் நீர்நிலையும் எங்கள் வேம்பனூர்க் குளமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்றிருக்க, அவற்றை விட்டுவிட்டு ரப்பருக்குப் போவானேன்? ரப்பர் தோட்டம் காடா, இல்லையா?

குலசேகரத்துக்காரன்:
பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது. வயல்வெளிக்காரர்களான நாஞ்சில் நாட்டாருக்குத் தங்கள் குளம் மட்டும்தான் இயற்கை. பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்த 1906 முதல் எங்கள் மலைத் தண்ணீரில் விளைந்த வயலை மண்ணடித்து மனையாக விற்றவர்கள், பால்வெட்டுகிறவனுக்குச் சூழலியல் கற்பிக்க வருகிறார்கள்.

நீரோடி வாசகன்:
மலையும் வயலும் முடிந்ததென்றால் கடற்கரைக்கும் வாருங்கள். 2017இல் ஒக்கி புயலில் எங்கள் ஆட்களைக் கடல் கொண்டுபோனது. இங்கே கற்பித்தல் பயிற்சிக்கு வருகிறவர்கள் பனிக்கரடியின் படத்தை ஒட்டிக் காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்கள்.

வேம்பனூரான்:
கடலைப் பற்றிய கேள்வியை நான் எழுப்பவில்லை. மண்ணடித்தவன் நானும் அல்ல. என் வயலில் இப்போதும் நெல்தான் நிற்கிறது. யாரும் பதில் சொல்லாததால் மீண்டும் கேட்கிறேன்: ரப்பர் தோட்டத்தில் எத்தனை வகை மரங்கள் இருக்கின்றன?

குலசேகரத்துக்காரன்:
உங்கள் தென்னந்தோப்பில் எத்தனை வகை, அண்ணாச்சி?

வேம்பனூரான்:
தென்னையைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். முதலில் ரப்பருக்குப் பதில் வரட்டும்.