செய்தி வாசிப்புப் பயிற்சி: கண் ஓடுவது, மூச்சு, எண்கள், உடை – எதை முதலில் திருத்துவது?

கத்துக்குட்டி:
வாசித்ததைப் பதிவு செய்து போட்டுப் பார்த்தால் இவ்வளவு குறை தெரிகிறது: டெலிபிராம்ப்டரை (வாசிக்க வேண்டிய வரிகளைக் கேமரா முன் ஓடவிடும் கருவி) பார்க்கும்போது கண் இடமும் வலமும் ஓடுவது பளிச்சென்று தெரிகிறது. நீண்ட வாக்கியத்தின் கடைசியில் குரல் அமுங்கிவிடுகிறது. பெரிய எண்ணோ வெளிநாட்டுப் பெயரோ வந்தால் தடுமாற்றம். உடையைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆங்கிலச் செய்திக்கு நொடிக்கு 3 சொல் என்று கணக்கு வைத்திருக்கிறார்களே, அது தமிழுக்கும் பொருந்துமா?

ஒலிக்கூடம்:
கண் ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அமைப்புதான், வாசிப்பவர் அல்ல. பிராம்ப்டர் என்பது லென்ஸுக்கு முன்னால் 45 பாகை சாய்த்து வைத்த கண்ணாடி. கீழே படுத்திருக்கும் திரையில் எழுத்து இடவலம் மாறி ஓடும். கண்ணாடியில் நேராகத் தெரியும். கேமரா கிட்டத்தில் இருந்தால் வரியின் இரண்டு முனைகளுக்கும் விழி நிறைய நகர வேண்டும், அது படத்தில் விழுந்துவிடும். கேமராவைச் சுமார் 3 மீட்டர் பின்னால் தள்ளி, ஜூம் செய்து சட்டகத்தைச் சரிக்கட்டுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, வரியின் அகலத்தைக் குறைத்து, லென்ஸுக்கு நேராக இருக்கும் வரியை மட்டும் வாசியுங்கள். மேல் வரியை வாசித்தால் புருவம் தூக்கும், கீழ் வரியை வாசித்தால் இமை தொங்கித் தூங்குவதுபோலத் தெரியும்.

தமிழில் ஒரு தனித் தொல்லை உண்டு. "அறிவிக்கப்பட்டிருக்கிறது" போன்ற ஒரே சொல் ஒரு வரியையே பிடித்துக்கொள்ளும். மென்பொருள் அதை நடுவில் உடைத்தால் வாயும் அங்கேயே உடையும். பழைய எழுத்துருவில் அடித்த பிரதியை அப்படியே ஒட்டினால் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறும். ஒளிபரப்புக்கு முன் பிரதி முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் உட்காராதீர்கள்.

வேகம்: பிராம்ப்டரில் எழுத்தை ஓட்டுபவர்தான் உங்களைத் தொடர வேண்டும். எழுத்து ஓடுகிறதே என்று நீங்கள் துரத்தினால், அவர் உங்கள் வேகத்துக்கு இன்னும் கூட்டுவார். கடைசியில் இரண்டு பேரும் ஓட்டப்பந்தயம். மேசையில் தாள் பிரதி இருக்கட்டும், ஒவ்வொரு செய்தி முடிந்ததும் ஒரு தாளை நகர்த்துங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. திரை அணைந்துபோனால், கண் இறங்குகிற இடத்தில் சரியான பக்கம் இருக்க வேண்டும்.

பிரதிமேசை:
அந்த நொடிக்கு 3 சொல் கணக்கைத் தமிழில் மறந்துவிடுங்கள். ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாக வருவது இங்கே ஒரே வினைமுற்றில் அடங்கிவிடுகிறது. சீராக ஒரு நிமிடம் வாசித்து, எத்தனை எழுத்து போயிருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்து சராசரி எடுத்தால் அதுதான் உங்கள் அளவு. அமெரிக்கச் செய்தி வாசிப்பாளர் வால்டர் கிரான்கைட் நிமிடத்துக்கு 124 சொல் என்று தன்னைப் பழக்கிக்கொண்டவர். அங்கே சாதாரணப் பேச்சு அதைவிட வேகம். வேகமாக வாசித்தால் அனுபவசாலி என்று நினைப்பார்கள் என்பது தப்புக் கணக்கு.

இப்போது குரல் அமுங்குவது. நாலு குறையில் இதுதான் ஆபத்தானது. தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "ஊர்வலத்துக்கு அனுமதி வழங்கப்படவில்லை" என்பதில் கடைசி மூன்று எழுத்தை விழுங்கினால் செய்தியே தலைகீழ். மூச்சுப்பயிற்சி நல்லதுதான், ஆனால் முதல் மருந்து பேனா. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. "என்றும், என்றும், எனவும்" என்று கோத்த சங்கிலியை அறுத்து மூன்று வாக்கியமாக்குங்கள். மிஞ்சும் நீள வாக்கியத்தில் மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு சாய்கோடு போடுங்கள், மூச்சு மிச்சம் இருக்கும்போதே வரும்படி. மூச்சு தீர்ந்தபின் எடுப்பது மைக்கில் விக்கல் மாதிரி கேட்கும்.

நிறுத்தம் தப்பினால் ஆளே மாறிவிடுவார். "நேற்று கைது செய்யப்பட்ட அமைச்சரின் மகன்" – கைதானது அப்பாவா, பிள்ளையா? இதைக் குரலால் காப்பாற்ற முயலாதீர்கள். "அமைச்சரின் மகன் நேற்று கைது செய்யப்பட்டார்" என்று பிரதியையே மாற்றச் சொல்லுங்கள். வாசிப்பவர் வாய் திறந்து கேட்க வேண்டிய இடம் இது.

பெயர்கள்: நம் எழுத்து கேட்கும் ஒலியைக் காட்டிக் கொடுக்காது. பாலி மொழிக்கும் பாலி தீவுக்கும் எழுத்து ஒன்று, முதல் ஒலி வேறு. கென்யாவில் வல்லொலி (k), கானாவில் மெல்லொலி (g). பிரதியில் மெல்லொலி வரும் எழுத்தின் கீழ் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பெயர் மூன்று இடத்தில் வந்தால் மூன்றிலும் ஒரே உச்சரிப்பு.

எண்கள்: 1,43,750 என்று இலக்கமாக விட்டால் கண் அதை எண்ணத் தொடங்கும், வாய் நிற்கும். "ஒரு லட்சத்து 43 ஆயிரத்து 750" என்று அடியுங்கள். வானொலியில் கேட்பவர் திருப்பிப் பார்க்க முடியாது, ஆகவே "சுமார் ஒரு லட்சத்து 44 ஆயிரம்" போதும்.

கத்துக்குட்டி:
எல்லா எண்ணையும் இப்படிச் சுருக்கலாமா?

பிரதிமேசை:
கூடாது. உயிரிழப்பு, தேர்தல் வாக்கு வித்தியாசம், தேர்வு மதிப்பெண் மூன்றும் உள்ளபடியே. பணமும் மக்கள்தொகையும் சுருங்கலாம்.

நேரலை:
உடைக்கு வருகிறேன். மெல்லிய நெருக்கமான கோடும் பொடிக்கட்டமும் வேண்டாம். கேமராவின் புள்ளிக்கட்டத்தோடு மோதி அலையலையாக நெளியும். பச்சைத் திரை (பச்சை நிறம் இருக்கும் இடத்தில் வேறு படத்தைச் சேர்க்கும் பின்னணி) என்றால் பச்சை உடை கூடாது, உடை இருக்கும் இடத்தில் வானிலை வரைபடம் தெரியும். வெள்ளைவெளேர் உடைக்கு ஏற்ப ஒளியைக் குறைத்தால் முகம் இருண்டுவிடும். காலர் மைக்கை முகவாய்க்குச் சுமார் ஒரு சாண் கீழே குத்துங்கள். சங்கிலியோ மொடமொடப்பான துணியோ அதில் உரசினால் ஒவ்வொரு மூச்சுக்கும் சரசர. கண்ணாடி அணிபவர் காதுப்பக்கக் கம்பியைக் கொஞ்சம் தூக்கிவைத்தால் விளக்கின் பிரதிபலிப்பு கீழே போய்விடும்.

காதுக்கருவியையும் பயிற்சியில் சேருங்கள். நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே "அடுத்த செய்தியை விட்டுவிடுங்கள், நேரடி இணைப்பு, 10, 9, 8..." என்று தயாரிப்பாளர் பேசுவார். காதில் வேறு ஒலிப்பதிவை ஓடவிட்டுச் சத்தமாக வாசித்துப் பழகலாம். முதலில் கூட்டல் கணக்கு ஒலிப்பதிவு, பிறகு பேச்சு.

முகம்: விபத்துச் செய்தியிலிருந்து விளையாட்டுக்குப் போகும்போது பார்வையைத் தாளுக்கு இறக்கி, ஒரு நொடி விட்டு, நிமிர்ந்து தொடங்குங்கள். அந்த ஒரு நொடி இல்லாவிட்டால் சாவுச் செய்திக்குச் சிரித்த மாதிரி ஒரு துணுக்கு நாளெல்லாம் சுற்றும். தவறாக வாசித்தால் "மன்னிக்கவும்", சரியான சொல், அடுத்த வரி. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

உடை அறிவுரை ஆளுக்கொன்றாக வருவதற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கார்ல் ஸ்டெஃபனோவிக் ஓராண்டு ஒரே நீல கோட்டைப் போட்டு வந்ததைப் பார்வையாளர் எவரும் கவனிக்கவில்லை என்பது 2014இல் வெளிவந்தது. கூட அமர்ந்த பெண்ணின் உடைக்கு விமர்சனம் வந்துகொண்டே இருந்ததைக் காட்டத்தான் அவர் அப்படிச் செய்தார். அமெரிக்காவில் செய்தி வாசிப்பாளர் கிறிஸ்டின் கிராஃப்ட் 1981இல் தோற்றத்தையும் வயதையும் காரணமாகச் சொல்லி வாசிப்பு இருக்கையிலிருந்து இறக்கப்பட்டதாக வழக்கே போட்டார். ஆகவே பெண்களுக்கு வரும் அறிவுரையில் கேமராவுக்கு உண்மையாகவே தேவையானது எது, பார்ப்பவரின் மனச்சாய்வு எது என்று பிரித்துக் கேளுங்கள்.

ஒலிக்கூடம்:
வானொலிப் பயிற்சி வேறா என்று யாராவது கேட்பதற்குள்: மைக் வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில். இல்லையென்றால் ஒவ்வொரு "ப"வும் வெடிக்கும். தாள்களை ஸ்டேப்லர் பின் அடிக்காமல் தனித்தனியாக வைத்து, புரட்டாமல் சறுக்கி நகர்த்துங்கள். ஒரு செய்தி ஒரு தாளில் தொடங்கி அதிலேயே முடியட்டும்.