6 சதவீத லாபம் காட்டினால் நாங்கள் வரி ஏய்ப்பவர்களா?

கோத்தகிரி காண்ட்ராக்டர்:
காண்ட்ராக்டர்களுக்கு வைத்த விளக்கக் கூட்டத்தில் ஒரு அதிகாரி, 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில் கணக்குக் காட்டுகிற எங்களையும் போலி பில் போட்டு ஜிஎஸ்டியைச் சுருட்டுகிற கும்பலையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசினார். வயிறு எரிந்தது. வருட வரவு 3 கோடிக்குள் இருந்து, ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், பேங்க் வழி வந்த பணத்தில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம், கணக்குப் புத்தகம் வேண்டாம் என்று சட்டம்தானே சொல்கிறது?

மலையில் தடுப்புச் சுவர் கட்டிப் பார்க்கட்டும். எம்சாண்ட், ஜல்லி, கம்பி எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற வேண்டும், லாரி போகாத இடத்தில் தலைச்சுமை, ஐப்பசி மழையில் தோண்டிய அஸ்திவாரத்தை மண் சரிந்து மூடினால் மறுபடி தோண்ட வேண்டும், அந்தக் கூலியை எந்த எஸ்டிமேட்டும் தராது. சில வேலையில் 6 கூட நிற்காது. இப்போது 26ஏஎஸ்ஸுக்கும் (எனக்கு வந்த பணமும் அதில் பிடித்த வரியும் இருக்கும் வருமான வரித் துறைப் பட்டியல்) நான் காட்டிய வரவுக்கும் வித்தியாசம் என்று நோட்டீஸ் வேறு. என்ன பதில் போடுவது?

ஊட்டி கணக்கர்:
பயப்படாதீங்க அண்ணா. பெரும்பாலும் ஜிஎஸ்டியையும் சேர்த்து டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்திருப்பார்கள். பில்லில் ஜிஎஸ்டி தனியாக இருந்தால் அதை விட்டுவிட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்று 2017-லேயே நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை போட்டாயிற்று. உங்கள் வேலை 10 லட்சம், 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில் 11.8 லட்சம் என்றால், 26ஏஎஸ்ஸில் 11.8 லட்சம் வரவாக நிற்கும். பில் வாரியாகப் பட்டியல் போட்டு, ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்குத் தரும் பில் விவரப் படிவம்) நகலோடு அனுப்புங்கள்.

இன்னொன்று, நஷ்டம் வந்த வருடமும் அந்த 6 சதவீதத்துக்கு வரி கட்டுகிறீர்கள். 44ஏடி வேண்டாம் என்று குறைத்துக் காட்டி வெளியே வந்தால் அடுத்த 5 வருடம் திரும்ப நுழைய முடியாது. இதை எந்த மேடையிலும் சொல்ல மாட்டார்கள்.

கொடைக்கானல் பில்டர்:
எனக்கு வேறு மாதிரி அடி. சிமெண்ட் சப்ளையருக்கு வரியோடு முழுப்பணமும் பேங்க் வழியாகக் கொடுத்தேன். அவர் 3பி (ஜிஎஸ்டி கட்டுவதற்கான படிவம்) தாக்கல் செய்யவே இல்லை. இப்போது இன்புட் கிரெடிட்டை (சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை என் வரியில் கழித்துக்கொண்டதை) வட்டியோடு திருப்பிக் கட்டு என்று என் கழுத்தைப் பிடிக்கிறார்கள். ஒரே வரியை ரெண்டு தடவை கட்டுகிறவனுக்கு ஏய்ப்பவன் என்று பேர்!

கூடலூர்க்காரன்:
மனைவி பேரில் ஒரு ஃபர்ம், மச்சான் பேரில் ஒரு ஃபர்ம் என்று ஒரே வேலையைப் பிரித்து வரம்புக்குள் நிற்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள், அதையும் பேசுவோம். 1985-ல் மெக்டவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: சட்டத்துக்குள் வரியைத் திட்டமிடலாம், பொய்யான ஏற்பாடு கூடாது.

கோத்தகிரி காண்ட்ராக்டர்:
சரி, அவர்களைப் பிடிக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. நீதிமன்றமே பிரித்துச் சொன்ன பிறகு அதிகாரி ஏன் எல்லோரையும் ஒரே சாக்கில் கட்ட வேண்டும்? மார்ச்சில் முடித்த வேலைக்கு ஆடியில்தான் பணம் வந்தது, அதற்குள் அந்த ஜிஎஸ்டியைக் கடன் வாங்கிக் கட்டினேன். இப்போது கம்பிக் கடையில் கடனுக்குச் சரக்குக் கேட்டால் "நோட்டீஸ் வந்திருக்காமே" என்கிறார்கள்.

கணக்கர் தம்பி, வேலை கொடுத்தவர்கள் பில் பணத்தில் பிடித்து வைத்திருக்கும் டெபாசிட்டையும் பட்டியலில் காட்டணுமா?

ஊட்டி கணக்கர்:
காட்டுங்க அண்ணா, தனிக் கட்டமாக. அனுப்பும் முன் எனக்கு ஒரு தடவை போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.